நாலாயிரம் இடது கை

ஒண்ணுமில்லண்ணே, பயப்படாதீங்க. இது இப்படித்தான். மேலயும் இல்லாம கீழயும் இல்லாம நடுவுல நின்னுக்கும். சரக்கு ஏத்தற லிஃப்டு தானே, ஆளுங்க ஏறுற லிஃப்டு மாதிரி மரியாதையெல்லாம் தெரியாது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அப்பறம் கிளம்பிடும். காத்து வரும், அந்தக் கம்பி இடுக்கு வழியா. பையக் கீழ வைங்க, கை வலிக்கப் போவுது. இந்தப் பெட்டி மேல உக்காருங்க. உள்ள துணிதான், நசுங்காது.

மேல எல்லாம் சரியா எடுத்துக் குடுத்தாங்களா? ஒருதடவ பாத்துக்கோங்க. கண்ணாடிக் கூடு இருக்கா. மூடி போட்ட டீ கப்பு. அளவு நாடா. அந்தக் கலர் கலரா இருக்கறது ஸ்டூல் மெத்தை, அதுக்கு ஒரு கதை இருக்கு, சொல்றேன். கத்தரிக்கோல் அடியில இருக்கும், உறையில போட்டுதான் வச்சிருக்கேன். அது கம்பெனிது இல்லண்ணே, உங்க அம்மாவோட சொந்தக் கத்தரிக்கோல். பிடியில சிவப்புத் துணி சுத்தியிருக்கும். அவங்களத் தவிர வேற யாரும் அதத் தொடக்கூடாது. ஒருதடவ நான் தெரியாம அதை எடுத்து அட்டப்பெட்டி வெட்டிட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாவது நாள் கூப்பிட்டு, தம்பி, உன் முன்னம்பல்ல கழட்டி நான் ஆணி புடுங்கினா உனக்கு எப்படிடா இருக்கும்னு கேட்டாங்க.

என்னண்ணே? அவங்க கையில குடுக்கப் போறதில்லையா?

ஓ. டாக்டர் சொன்னாரா?

இல்ல இல்ல, தப்பாக் கேக்கல. கூர்மையா இருக்கறதெல்லாம் எடுத்து வைங்கன்னு சொல்லியிருப்பாரு. நீங்க போன வெள்ளிக்கிழமை போன் பண்ணப்ப வாட்ச்மேன் கிட்ட சொன்னீங்களாமே, அம்மாவுக்கு ஞாபக மறதி, இனிமே வேலைக்குன்னு எங்கயும் போக மாட்டாங்க, சாமானெல்லாம் வந்து எடுத்துக்கறேன்னு. அவர் எங்கிட்ட வந்து சொன்னாரு. எனக்கு அதுக்கப்பறம் அன்னிக்கு வேலை ஓடல. ஞாபக மறதியா, மேலக்காவுக்கான்னு.

உங்க அம்மாவ இங்க யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லண்ணே. மேல்மாடியில தையல் செக்‌ஷன் மொத்தமும் அவங்க கையில, அதனால மேலக்கா. மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுவாரு. நாப்பத்தெட்டு மிஷின் ஒரே நேரத்துல ஓடும். காது கிழியும். அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, பன்னெண்டாம் நம்பர்ல ஊசி மழுங்கியிருக்கு, மாத்தும்மாங்கறவங்க. போய்ப் பாத்தா மழுங்கித்தான் இருக்கும். எந்தப் பொண்ணுக்கு எந்த வாரம் பரிட்சை எழுதற பிள்ள இருக்கு, யாரு வீட்டுல யாருக்கு ஆபரேஷன், எல்லாம் மனசுலதான். எனக்கு இருபத்தி மூணு முடிஞ்சப்ப, அது எனக்கே ஞாபகம் இல்ல, லிஃப்டுக் கதவத் திறக்கறேன், டேய், இன்னிக்கு உன் நாளுடா, புதுச் சட்ட போடாம வந்திருக்கேன்னாங்க. வேலைக்குச் சேர்றப்ப நான் எழுதிக் குடுத்த பேப்பர்ல பாத்திருக்காங்க. அதுவும் ஒரே ஒரு தடவ.

இப்ப எப்படி இருக்காங்க? அடுப்ப அணைச்சமான்னு போய்ப் போய்ப் பாக்கறாங்களா? எத்தன தடவ?

அஞ்சு தடவயா.

சீட்டு எழுதி செவுத்துல ஒட்டறாங்களா. ம். அம்மா எழுதறது பென்சில்லதானே? அழுத்தி அழுத்தி.

நான் சொன்னேனா, இல்ல சொன்னதா நானா நினைச்சுக்கிட்டேனா... அப்படிக் கேக்கறாங்களா? உங்ககிட்டயே? தினமுமா?

தையல் மிஷினையும் குடுத்துடப் போறீங்களா. வர்ற திங்கக்கிழமையா. மாத்திரையும் திங்கக்கிழமையில இருந்துதானா.

சரிண்ணே.

இல்ல, நான் எதுவும் சொல்ல வரல. தண்ணி குடிக்கறீங்களா? இருக்கு, குடிங்க.

அந்த மெத்தை கதைய சொல்றேன். சும்மா உக்காந்திருக்கறதுக்கு.

நான் இங்க வேலைக்குச் சேந்து நாலு வருஷம் ஆவுது. சேந்தப்ப எனக்கு முன்னாடி இருந்த லிஃப்டுக்காரர் சாவிய எங்கிட்ட குடுத்துட்டு ஒரே ஒரு புத்தி சொன்னாரு. காதுல பஞ்சு வச்சுக்கோ தம்பின்னாரு. மிஷின் சத்தத்துக்குன்னு நினைச்சேன். ரெண்டாவது நாள்தான் தெரிஞ்சுது. கீழ கட்டிங் செக்‌ஷன், மேல தையல் செக்‌ஷன். கீழ மழைக்கோட்டுத் துணிய வெட்டி, கட்டுக் கட்டி, இந்த லிஃப்டுல மேல அனுப்பணும். மேல தைப்பாங்க. அவ்வளவுதான் விஷயம். ஆனா கட்டிங் மாஸ்டருக்கும் மேலக்காவுக்கும் ஒம்போது வருஷமாப் பேச்சு இல்ல. எதுல ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு காலர் அரை விரக்கடை சின்னதாப் போச்சாம். வெட்டினது தப்பா, தச்சது தப்பா. அந்த அரை விரக்கடைய வச்சுக்கிட்டு ஒம்போது வருஷம் ஓட்டியிருக்காங்க.

மாஸ்டர் துண்டு பேப்பர்ல சாக்குக்கட்டியால எழுதி எங்கிட்ட குடுப்பாரு. மேல போய்க் குடுப்பேன். அம்மா படிப்பாங்க, மூஞ்சி செவக்கும், பென்சில எடுத்து பதில் எழுதுவாங்க. கீழ கொண்டு வருவேன். அவருக்குச் செவக்கும். மேல இருக்கறவங்களுக்குக் கண்ணு முதுகுலயா இருக்குன்னு அவர் கேப்பாரு. கத்தரி புடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு மாஸ்டர் பட்டம், புல்லு வெட்டப் போகச் சொல்லுன்னு இவங்க. ஒரு கட்டுல பாக்கெட்டுத் துணி ஒண்ணு குறைஞ்சா மொத்தக் கட்டையும் லிஃப்டுல கீழ தள்ளி விடுவாங்க. அவர் அவுக்காம அப்படியே திருப்பி அனுப்புவாரு. ஒரே கட்டு ஒரு நாளைக்கு ஏழு தடவ மேலயும் கீழயும் போயிருக்குண்ணே. நானும் கூடவே.

ஆமா, சிரிக்கலாம். இப்ப எனக்கும் சிரிப்பு வருது.

எனக்கு சின்னதுல இருந்தே சண்ட ஆகாது. எங்க வீட்டுல அப்பாவும் சித்தப்பாவும் நடுவுல ஒரு தட்டி கட்டிக்கிட்டு ஒரே வீட்டுல பேசாம இருந்தாங்க. தூது நான்தான். உங்க சித்தப்பன் இன்னும் இருக்கானா, போயிட்டானா, கேட்டுட்டு வாடாம்பாரு அப்பா. நான் தட்டிக்கு அந்தப் பக்கம் போய், சித்தப்பா, உடம்பு எப்படி இருக்குன்னு அப்பா கேக்கச் சொன்னாரும்பேன். அவர் அந்தத் தட்டியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அப்பறம், பரவால்லன்னு சொல்லுடாம்பாரு. இப்படியே ரெண்டு வருஷம். ஒருநாள் அப்பாவே தட்டியப் பிரிச்சுட்டாரு. என்ன சொல்லி சேத்து வச்சேன்னு எனக்குத்தான் தெரியும். பெரிய சாமர்த்தியம்னு நினைச்சுக்கிட்டேன். பத்து வயசு.

அந்தச் சாமர்த்தியம்தான்.

இங்க புது மேனேஜர் வந்தாரு. இளவயசு, நல்ல மனுஷன். ரெண்டு செக்‌ஷனும் ஒத்துமையா இருந்தாத்தான் கம்பெனி நிக்கும்னு வந்த முதல் நாளே சொன்னாரு. மேலயும் கீழயும் இருக்கறவங்கள வட்டமா உக்கார வச்சு, நூல் உருண்டையத் தூக்கிப் போடச் சொன்னாரு. யாருக்குப் போடறீங்களோ அவங்களப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லணும். நூல் உருண்ட மாஸ்டர் கைக்கு வந்துச்சு. அவர் மேலக்காவப் பாத்தாரு. அப்பறம் உருண்டைய மேசை மேல வச்சிட்டு, எனக்கு வேலை இருக்கு சார்னு போயிட்டாரு. மேனேஜர் விடல, ஒண்ணாச் சாப்பிடணும்னு பெரிய மேசை வாங்கிப் போட்டாரு. ரெண்டு முனையில உக்காந்து சாப்பிட்டாங்க. நடுவுல நாலு ஆளு படுக்கலாம்.

கடைசியில ஒரு புக்கு போட்டாரு. இனிமே துண்டு பேப்பர் கூடாது. எதுவா இருந்தாலும் லிஃப்டுத் தம்பிகிட்ட குடுங்க, அவன் புக்குல எழுதுவான், நேரம் போடுவான், மேல்தாள் யாருக்குப் போகணுமோ அவங்களுக்கு, கார்பன் வச்ச அடித்தாள் புக்குலயே இருக்கும், பின்னால யாரும் மாத்திப் பேச முடியாதுன்னாரு. என் கையெழுத்து குண்டு குண்டா இருக்கும். அதான் என்னைய அதுக்குப் போட்டாரு. அப்பவும் அவங்க துண்டு பேப்பர்லதான் எழுதிக் குடுத்தாங்க, பழக்கம். நான் இங்க, இதோ நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தப் பெட்டி மேல உக்காந்து புக்குல ஏத்துவேன். மேல போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்.

முதல்ல வேணும்னு மாத்தலண்ணே. சத்தியமா. மாஸ்டர் எழுதின சாக்குக்கட்டி எழுத்து ஈரத்துணியில உரசி அழிஞ்சு போச்சு. காலர், திருப்பி, மறுபடி, இந்த மூணு வார்த்தைதான் தெரியுது. அவர்கிட்ட திரும்பிப் போய்க் கேட்டா என்னத் திட்டுவாரு. அதனால நானா எழுதினேன். அக்கா, காலர் திருப்பி வந்திருக்கு போல. எங்க பக்கத் தப்பான்னு பாக்கறோம், நீங்களும் மறுபடி ஒருதடவ பாத்துடுங்கன்னு.

உங்க அம்மா அதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாங்க. அவனா எழுதினான்னாங்க. ஆமாக்கான்னேன். காலர் கட்ட அவங்களே அவுத்துப் பாத்தாங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு, எங்க பொண்ணுதான் திருப்பி வச்சுத் தச்சிருக்கா, சரி பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்தாங்க. அதுல நான் ஒரு எழுத்து மாத்தல. மாத்தத் தேவையில்ல. அதப் பாத்து மாஸ்டரு மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு ரெண்டாவது தடவ படிச்சாரு.

அப்பறம் எங்க விடறது. தினம் மாத்தினேன். கண்ணு முதுகுல இருக்கான்னு வந்தா, ஒருதடவ பாத்து சொல்லுங்கன்னு ஏத்துவேன். புல்லு வெட்டப் போகச் சொல்லுன்னு வந்தா, வேலை நெருக்கடியா இருக்கும், புரியுதுன்னு ஏத்துவேன். அசல் துண்டுப் பேப்பர அதோ அந்தச் சந்து இருக்குல்ல, லிஃப்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல, அதுல விட்டுடுவேன். கீழ குழியில போய் விழுந்துடும். திட்டெல்லாம் குழியில, மரியாதையெல்லாம் புக்குல.

ஆறு மாசத்துல, நம்ப மாட்டீங்க, அவங்க எழுதறதே மாறிப் போச்சு. நான் மாத்தறதுக்கு எதுவும் இல்லாமப் போச்சு. மாஸ்டர் சம்சாரம் இறந்து ரொம்ப வருஷம், தனி ஆளு. வெட்டினதுல மிஞ்சின கலர்த் துணியெல்லாம் சேத்து, சாப்பாட்டு நேரத்துல கையாலயே தச்சு, இந்த மெத்தைய அனுப்பினாரு. ஸ்டூல் கட்டையா இருக்கும்னு எழுதியிருந்தாரு. அவ்வளவுதான் எழுதினாரு. பதிலுக்கு அம்மா அவருக்கு ஒரு ஏப்ரன் தச்சு அனுப்பினாங்க, கண்ணாடி வைக்கத் தனிப் பாக்கெட்டு, சாக்குக்கட்டிக்குத் தனிப் பாக்கெட்டு. வெட்டத் தெரியாதவன் தச்சதுக்கு மெத்தை பரவால்லன்னு எழுதி, கீழ ஒரு கோடு போட்டிருந்தாங்க. அது கேலி. அத நான் அப்படியே ஏத்தினேன். மாஸ்டரு சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

சாப்பாட்டு மேசையில நடுவுல இருந்த இடம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து பாத்தாங்க, ரெண்டு செக்‌ஷன் எப்படி இவ்வளவு ஒத்துமையா இருக்குன்னு. மேனேஜர் நூல் உருண்டையக் காட்டினாரு. எனக்கும் ஒரு சான்றிதழ் குடுத்தாங்க, கண்ணாடி போட்டு. இரு பிரிவுகளின் பாலம்னு அதுல எழுதியிருக்கும். வீட்டுல மாட்டியிருந்தேன்.

இருந்தேன். இப்ப இல்ல.

அந்த இடது கை விஷயம் உங்களுக்குத் தெரியும்ல. அரைகுறையா சொன்னாங்களா. சரி, நான் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி வரைக்கும் எங்களுக்கு வந்த துணி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எப்படி விரிச்சு வெட்டினாலும் கவலையில்ல. கோட்டுக்கு வெட்டின கைய இப்படி வச்சா இடது கை, திருப்பி வச்சா வலது கை. அன்னிக்குப் புதுத் துணி வந்துச்சு, ஒரு பக்கம் ரப்பர் பூசினது. பளபளப்பு வெளிய வரணும். அத முகத்தோட முகம் வச்சு ஜோடி ஜோடியா விரிச்சு வெட்டணும், அப்பத்தான் இடதும் வலதும் வரும். கட்டிங்ல இருக்கறவங்க கை பழக்கத்துல எல்லாத்தையும் ஒரே பக்கமா விரிச்சுட்டாங்க. வெட்ட வெட்ட எல்லாம் இடது கை. திருப்பினா ரப்பர் உள்ள போயிடும், மழ நேரா உடம்புல எறங்கும்.

முதல் கட்டு மட்டும் மாதிரிக்கு மேல வரும். மிச்சத்துக்கு நம்பர் ஒட்டி மறுநாள்தான் அனுப்புவாங்க. காலையில ஒம்பதரைக்கு அந்த முதல் கட்டக் கொண்டு போனேன். உங்க அம்மா ரெண்டு கைய எடுத்துத் தூக்கிப் பாத்தாங்க. மூணாவது எடுத்தாங்க. அவ்வளவுதான். நாப்பத்தெட்டு மிஷின் ஓடிட்டிருக்கு, அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சு போச்சு. பென்சில எடுத்து எழுதி என் கையில திணிச்சு, ஓடுடான்னாங்க.

ஓடல நான். லிஃப்டுல எங்க ஓடறது. இங்க உக்காந்து பேப்பரப் பிரிச்சேன். பெரிய எழுத்துல இருந்துச்சு. அம்மா அப்படிப் பெரிசா எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு.  அய்யோ, பழைய சண்ட திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சேன். இவ்வளவு நாளாக் கட்டினது போச்சேன்னு. அவங்களுக்கு வந்தது கோவம் இல்லண்ணே. அவசரம். கோவத்துக்கும் அவசரத்துக்கும் வித்தியாசம் தெரியாம மூணு வருஷத்துக்கு மேலாத் தூது போயிருக்கேன்.

புக்க எடுத்து எழுதினேன். மாஸ்டர், கை கட்டுல இடது கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. நேரம் கிடைக்கறப்ப ஒரு பார்வை பாருங்க. நீங்க பாத்தா சரியா இருக்கும்னு. நீங்க பாத்தா சரியா இருக்கும்ங்கறது அவருக்குப் பிடிக்கும். அதான் சேத்தேன்.

அவர் படிச்சாரு. அக்கா சொன்னாப் பாத்துடலாம், சாப்பாட்டுக்கு அப்பறம்னு சொல்லி, சீட்டெல்லாம் குத்தி வைக்கற ஆணியில குத்தி வச்சாரு. சாப்பாட்டுக்கு அப்பறம் துணி வெட்டற கத்தி ஒண்ணோட மோட்டார் நின்னு போச்சு. அதப் பாக்கப் போனவரு இத மறந்துட்டாரு. மூணு மணிக்கு அம்மா எங்கிட்ட கேட்டாங்க, நிறுத்திட்டாராடான்னு. பாத்துக்கறேன்னு சொன்னாருக்கான்னேன். அதுவும் பொய் இல்ல பாருங்க. எனக்கு அப்படித்தான் வாயில வரும்.

சாயங்காலம் எண்ணினப்ப நாலாயிரத்துச் சொச்சம் இடது கை. மலை மாதிரி. எல்லாக் கையும் ஒரே பக்கமா நீட்டிக்கிட்டு. வலது கை வெட்ட ஒரு முழம் புதுத்துணி கூட மிச்சமில்ல. அந்த ஆர்டர் போச்சு.

மேனேஜர் ரூம்ல விசாரிச்சாங்க. மேசை மேல புக்கு. ஒரு பக்கம் மாஸ்டர், ஒரு பக்கம் அம்மா, கதவுகிட்ட நான். தப்ப முதல்ல பாத்தவங்கதான் நிறுத்தணும், அது இங்க சட்டம். அம்மா சொன்னாங்க, நான் பாத்ததுமே நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன் சார்னு. மேனேஜர் புக்கத் திருப்பிக் காட்டினாரு. ஒம்பது முப்பத்தி அஞ்சு. நேரம் கிடைக்கறப்ப ஒரு பார்வை பாருங்க. மாஸ்டரு ஆணியில இருந்த சீட்டையும் கொண்டு வந்திருந்தாரு. அதே வார்த்தை. அந்தம்மா நிறுத்துன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேன் சார்னாரு.  நட்புக்காகப் பூசி மெழுகிட்டாங்களேன்னாரு.

அசல் எங்கன்னு கேட்டாரு மேனேஜர். புக்குல ஏத்தினதும் தூக்கிப் போட்டுடுவேன் சார்னேன். எங்க போட்டேன்னு அவர் கேக்கல.

அப்பறம் உங்க அம்மா எம்பக்கம் திரும்பினாங்கண்ணே. நான் நினைச்சேன், முடிஞ்சுது, இப்பக் கேப்பாங்க, ஏன்டா மாத்தினேன்னு கேப்பாங்கன்னு. அவங்களுக்கு அது தோணவே இல்ல. என்மேல அப்படி ஒரு நினைப்பு வரவே இல்ல. வீட்டுல அடுப்ப அணைச்சியான்னு உங்ககிட்ட கேப்பாங்கல்ல, அந்த மாதிரி மெதுவாக் கேட்டாங்க. தம்பி, நான் நிறுத்துன்னு எழுதலையாப்பா?

கத்தியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். கையப் புடிச்சு உலுக்கியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்.

இல்லக்கான்னேன்.

அவங்க என்னையே பாத்தாங்க. அப்பறம் புக்கப் பாத்தாங்க. அப்பறம் தன்னோட கையப் பாத்தாங்க, எழுதின கைய. எழுதினாப்பல இருக்கேன்னு அவங்களுக்குள்ளயே சொல்லிக்கிட்டாங்க. சரி சார், நான் மறந்துட்டேன் போலருக்குன்னாங்க. பத்தொம்போது வருஷத்துல அவங்க வாயில இருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லயாம். மறுநாள்ல இருந்து வரவேண்டாம்னுட்டாங்க. லிஃப்டுல நான்தான் கீழ இறக்கி விட்டேன். எதையும் எடுத்துக்கல, இந்த மெத்தையக் கூட. இங்க வர்றப்ப லிஃப்டு நின்னுச்சு, அன்னிக்கு நெசமாவே நின்னுச்சு. நாலு நிமிஷம். நானும் அவங்களும். அந்த நாலு நிமிஷத்துல சொல்லியிருக்கலாம். தம்பி, எனக்கு வயசாயிடுச்சோன்னு கேட்டாங்க. அப்படியெல்லாம் இல்லக்கான்னு சொன்னேன். அதையும் மெதுவாத்தான் சொன்னேன்.

ஏழு மாசம் ஆச்சு. மாஸ்டரு இப்ப ஆணியப் புடுங்கிட்டாரு. அந்த ஏப்ரனப் போடறதில்ல. மடிச்சு உள்ள வச்சிருக்காரு, தூக்கிப் போடல. அம்மா இடத்துல வந்தவங்களும் கீழ கட்டிங்ல இருக்கறவங்களும் போன்ல பேசிக்கறாங்க, என் வேலை துணி ஏத்தி இறக்கறது மட்டும்தான்.

வேலை போயிடும்னு பயந்தேன், ஆமா. அது மட்டும்னு சொன்னா அதுவும் பூசி மெழுகறது. அந்த ஒரு சீட்ட மாத்தினேன்னு சொன்னா, மிச்சத்தையும் சொல்லணும். அந்த ரெண்டு பேரும் ஒருத்தரு ஒருத்தர எப்படிப் பாக்க ஆரம்பிச்சாங்களோ, அதோட ஆரம்பமே என் கையெழுத்துதான்னு தெரிஞ்சு போயிடும். அது பொய்யாயிடும்னு பயந்தேன். மெத்தை பொய்யில்ல. ஏப்ரன் பொய்யில்ல. அது எனக்கு அப்ப தெரியல.

அம்மா வேலைக்கு வராம வீட்டுல நல்லா இருப்பாங்க, ஓய்வா இருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைக்கறது சௌகரியமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் சொல்ற வரைக்கும்.

சனிக்கிழமை லிஃப்டு மெக்கானிக் கிரீஸ் போட வந்தாரு. சாவி விழுந்துடுச்சுண்ணேன்னு சொல்லி அவரோட குழியில இறங்கினேன். டார்ச் அடிச்சுப் பாத்தா, அண்ணே, கணுக்கால் வரைக்கும் பேப்பரு. மூணு வருஷத்துச் சீட்டு. எண்ணெயில ஊறி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. சாக்குக்கட்டியில எழுதினதெல்லாம் போச்சு, வெறும் பேப்பர்தான். பென்சில் மட்டும் நிக்குது. புல்லு வெட்டப் போகச் சொல்லு அப்படியே இருக்கு. மெக்கானிக் மேல இருந்து என்னடா குப்பையப் படிச்சுக்கிட்டிருக்கேன்னு கத்தறாரு. ரெண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில செவுத்தோரமா, ஒரு கம்பிக்குப் பின்னால சொருகிக்கிட்டு நின்னுச்சு. தரைக்குப் போகவே இல்ல.

கத்தரிக்கோல் உறைக்குள்ள வச்சிருக்கேன். வீட்டுக்குப் போய்ப் பாத்துப்பீங்கன்னுதான் வச்சேன். இல்ல, வேணாம். இப்பவே எடுங்க.

பாத்து. ஓரம் மக்கியிருக்கு. எண்ணெய்க் கறை இருக்கட்டும், எழுத்து அழியல.

அம்மா கையெழுத்து உங்களுக்குத் தெரியும்ல. எல்லாம் இடது கை, வலதே இல்ல, கத்திய நிறுத்து. அடியில மறுபடியும் நிறுத்து. கோடு வேற போட்டிருக்காங்க. பின்பக்கம் விரல வச்சுத் தடவிப் பாருங்க. எவ்வளவு அழுத்தியிருக்காங்க பாருங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. சொல்லணும்னா சொல்லுங்க, கேட்டுக்கறேன். அடிக்கணும்னாலும் அடிங்க, இங்க யாரும் வரமாட்டாங்க.

இத அவங்க கையில குடுத்துடுங்க. திங்கக்கிழமைக்கு முன்னாடி. கத்தரிக்கோலையும். டாக்டர்கிட்டயும் காட்டுங்க, அவரு என்ன கேட்டாலும் நான் வந்து சொல்றேன். கீழ இறங்கினதும் முதல்ல மாஸ்டர்கிட்ட போறேன், அப்பறம் மேனேஜர் ரூம். இந்தத் தடவ வார்த்தைய யோசிச்சு வைக்கல.

அழாதீங்கண்ணே. இல்ல, அழுங்க, பரவால்ல. நேரம் இருக்கு.

லிஃப்டுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.